மந்திரவாதி எத்தனை பகடை உருட்டலாம்? வார்ஹாமர் 2-ஆம் பதிப்பில் சாபமும் மாசும்

கரித்துண்டு

வணக்கம் நண்பர்களே. வார்ஹாமர் ஃபேண்டஸி ரோல்பிளே என்ற மேஜைக் கதாபாத்திர விளையாட்டின் 2-ஆம் பதிப்பில் (2005) மந்திர விதி பற்றி ஒரு கேள்வி. விதியைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மந்திரவாதியின் மேஜிக் மதிப்பு எவ்வளவோ அத்தனை டி10 (பத்துமுகப் பகடை) உருட்டலாம். கூட்டுத்தொகை ஸ்பெல்லின் கேஸ்டிங் நம்பரை, அதாவது அந்த மந்திரத்துக்குத் தேவையான எண்ணை, தொட்டால் மந்திரம் பலிக்கும். ஆனால் இரண்டு பகடையில் ஒரே எண் விழுந்துவிட்டால் சீன்ச் என்ற கேயாஸ் கடவுளின் சாபம், மைனர் (சிறிய) அட்டவணையில் உருட்ட வேண்டும். மூன்று பகடை ஒத்துப்போனால் மேஜர் (பெரிய), நான்கு என்றால் கேட்டஸ்ட்ரோபிக் (பேரழிவு). மந்திரம் பலிப்பது ஒரு கணக்கு, சாபம் விழுவது இன்னொரு கணக்கு. இரண்டும் ஒரே உருட்டலில் சேர்ந்தே வரலாம்.

மேஜிக் 3-ஐத் தொட்ட மந்திரவாதி என்ன செய்கிறார் என்றால், ஒன்று மந்திரத்தையே தொடுவதில்லை, இல்லையென்றால் வருவது வரட்டும் என்று ஒவ்வொரு ரவுண்டும் போடுகிறார். நடுவில் ஒரு நிலை இல்லை. மேஜர் அட்டவணையை மென்மையாக்கலாமா? அல்லது மைனர் அட்டவணையைக் கடுமையாக்கி மேஜரை எடுத்துவிடலாமா?

பத்துமுகப்பகடை

அட்டவணையைத் தொடாதீர்கள். விதியில் ஒரு வரி இருக்கிறது, பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்: மேஜிக் மதிப்பு என்பது உருட்டக்கூடிய அதிகபட்சப் பகடை. அத்தனையும் உருட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. மேஜிக் 3 உள்ளவர் இரண்டு உருட்டலாம், ஒன்றும் உருட்டலாம். நீங்கள் கேட்கும் நடுநிலை அங்கேதான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு பகடையில் ஜோடி விழ வழியே இல்லை, சாபம் 0%. இரண்டில் 10%. மூன்றில் 28%, அதில் 1% மேஜர். நான்கில் 49.6%, இதில் மேஜர் 3.6%, கேட்டஸ்ட்ரோபிக் 0.1%. பகடை ஒன்று கூடும்போது ஆபத்து கொஞ்சமாகக் கூடுவதில்லை, தாவிக் கூடுகிறது.

கேஸ்டிங் நம்பர் 12 உள்ள ஸ்பெல்லை எடுத்துக்கொள்வோம். மூன்று பகடையில் 83.5% பலிக்கும், இரண்டில் 45%தான். மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். ஆனால் ஒரு வெற்றிக்கு எத்தனை சாபம் கொடுக்கிறோம் என்று வகுத்துப் பாருங்கள். மூன்று பகடை: 28-ஐ 83.5-ஆல் வகுத்தால் ஒரு வெற்றிக்கு 0.34 சாபம். இரண்டு பகடை: 10-ஐ 45-ஆல் வகுத்தால் 0.22. மெதுவாகப் போனால் சாபம் குறைவு, வேகமாகப் போனால் அதிகம். மந்திரவாதி விலை கொடுத்து வாங்குவது நேரத்தை.

இதோடு சேனலிங்கையும், அதாவது மந்திர ஆற்றலைத் திரட்டுவதையும், சேருங்கள். அரை ஆக்‌ஷன் செலவழித்துச் சேனலிங் சோதனையில் வென்றால் மேஜிக் மதிப்பு அப்படியே கேஸ்டிங் உருட்டலோடு கூடும். மேஜிக் 3 என்றால் +3. இப்போது 12-க்குப் பதில் பகடையில் 9 வந்தால் போதும். இரண்டு பகடையில் அது 72%. ஒரு வெற்றிக்கு 0.14 சாபம். மூன்று பகடையை அவசரமாக வீசுவதில் பாதிகூட இல்லை.

ஈயக்குடுவை

கணக்குல ஒரு ஓட்டை இருக்கு அண்ணே. அந்த 72% சேனலிங் ஜெயிச்சாதான். வில்பவர் (மன உறுதி) 45 உள்ள ஆளுக்குச் சேனலிங் 45%தான். தோத்தா அந்த +3 வராது, மறுபடி 45%க்கே வந்து நிக்கும். சேனலிங் பண்ணிட்டு ஜெயிச்சாலும் தோத்தாலும் அதே ரவுண்டுல போட்டுடுறார்னு வச்சா மொத்தம் 57%தான் பலிக்கும். அப்போ ஒரு வெற்றிக்கு சாபம் 0.175.

சேனலிங் தோத்தா இந்த ரவுண்டு போடாம விட்டுட்டு அடுத்த ரவுண்டு பார்க்கிறவருக்குத்தான் உங்க 0.14. எதிர்ல வாளோட ஒருத்தன் நிக்கிறப்போ அந்தப் பொறுமை யாருக்கு வரும்? அந்த இடம்தான் சரியான இடம்னு நான் சொல்றேன். ஜிஎம் (ஆட்டத்தை நடத்துறவர்) பண்ண வேண்டியது நெருக்கடி கொடுக்கிறது மட்டும்தான். அட்டவணையை ஏன் தொடணும்?

பத்துமுகப்பகடை

சரிதான், திருத்தத்துக்கு நன்றி. 0.14 என்பது பொறுமையின் விலை, 0.175 என்பது சண்டைக்கு நடுவில் உள்ள விலை.

சேர்மானப் பொருளையும் விட்டுவிட்டேன். +2 தரும் பொருள் கையில் இருந்து சேனலிங்கும் பலித்தால், மேஜிக் 3 உள்ளவருக்கு 12-க்குப் பதில் 7 போதும். இரண்டு பகடையில் 85%. ஒற்றைப் பகடையில்கூட 40%, அதுவும் சாபமே இல்லாமல்.

கரித்துண்டு

அப்படியென்றால் சண்டை இல்லாத நேரத்தில் எல்லாவற்றையும் ஒற்றைப் பகடையிலேயே போட்டுக்கொண்டிருக்கலாமே? சாபம் 0%. இருண்ட உலகம் என்று சொல்லிவிட்டு இப்படி ஒரு திறந்த கதவை வைத்திருக்கிறார்களா?

நள்ளிரவுநகல்

கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் வேறொரு அறை. உருட்டிய எல்லாப் பகடையிலும் 1 விழுந்தால் ஸ்பெல் தோல்வி, கூடவே வில்பவர் சோதனை. அதிலும் தோற்றால் ஒரு இன்சானிட்டி (மனநிலை பாதிப்பு) புள்ளி. மூன்று பகடையில் எல்லாம் 1 விழுவது ஆயிரத்தில் ஒன்று. இரண்டில் நூற்றில் ஒன்று. ஒற்றைப் பகடையில் பத்தில் ஒன்று!

மேலே சொன்ன 40% கணக்கையே எடுங்கள். ஒரு வெற்றிக்கு சராசரி 2.5 முயற்சி. ஒவ்வொன்றிலும் 10% என்றால், ஒரு வெற்றிக்கு 0.25 வில்பவர் சோதனை. வில்பவர் 45 உள்ளவர் அதில் பாதிக்கு மேல் தோற்பார். நாலைந்து வெற்றிக்கு ஒரு சோதனை, ஏழெட்டு வெற்றிக்கு ஒரு இன்சானிட்டி புள்ளி. சாபம் வெளியே வராமல் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். துணிந்தவன் ஊரைக் கெடுக்கிறான், பயந்தவன் தன்னைக் கெடுத்துக்கொள்கிறான். இதை முதல் அமர்விலேயே பிளேயரிடம் எண்களோடு சொல்லிவிட வேண்டும். மறைத்து வைத்தால் அவருக்கு அது வெறும் துரதிர்ஷ்டமாகத்தான் தெரியும். தான் எடுத்த முடிவு என்று தோன்றாது.

இன்னொன்றும் செய்யுங்கள்: ஒவ்வொரு முயற்சிக்கும் சேர்மானப் பொருள் செலவாகும் என்று வையுங்கள், பலித்தாலும் பலிக்காவிட்டாலும். 2.5 முயற்சி என்றால் 2.5 கந்தக உருண்டை. அதை யாரிடமாவது வாங்கித்தானே ஆக வேண்டும்? ஒரே வாரத்தில் மூன்று முறை கந்தகம் வாங்கிய ஆளின் முகத்தை மருந்துக்கடைக்காரர் மறக்க மாட்டார். சூனிய வேட்டைக்காரர் முதலில் விசாரிப்பது அந்தக் கடையில்தான்.

மெழுகுத்திரி

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பிளேயர் கால்குலேட்டர் வைத்துக்கொண்டு ஆபத்தைத் தேர்ந்தெடுத்தால் அதில் பயம் எங்கே இருக்கிறது? டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ் (2012) என்ற இன்னொரு விளையாட்டு இதை நேராகச் செய்கிறது. டி20 (இருபதுமுகப் பகடை) உருட்டுகிறீர்கள், மந்திரவாதியின் லெவலும் இன்டெலிஜென்ஸ் மாடிஃபையரும் (அறிவுக்கான கூட்டல்) கூடும், முதல் லெவல் ஸ்பெல்லுக்கு 12 வேண்டும். பகடையில் அப்படியே 1 விழுந்தால் மந்திரம் திரும்பி அடிக்கும், அல்லது உடல் திரியும். எப்போதும் 5%. பேரம் பேச முடியாது. இருபது தடவை போட்டால் ஒரு முறையாவது 1 விழ 64% வாய்ப்பு. மந்திரவாதியாக இருப்பதற்கே அதுதான் விலை.

நள்ளிரவுநகல்

அந்த விளையாட்டிலும் பேரம் இருக்கிறது நண்பரே, இடம்தான் வேறு. ஸ்பெல்பர்ன் என்ற விதியில் ஸ்ட்ரெங்த், அஜிலிட்டி, ஸ்டாமினா புள்ளிகளை எரித்து, ஒரு புள்ளிக்கு +1 என்று உருட்டலைக் கூட்டலாம். எரித்தது நாளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் திரும்பும். உடல் திரிவதைத் தவிர்க்க லக் புள்ளி ஒன்றை எரிக்கலாம். திருடனையும் ஹாஃப்லிங் என்ற குள்ள இனத்தவரையும் தவிர மற்றவர்களுக்கு லக் சுலபத்தில் திரும்பாது.

1 விழும் வாய்ப்பை மாற்ற முடியாது, அது உண்மை. ஆனால் வெற்றிக்கு எவ்வளவு கொடுப்பது, தப்பிக்க எவ்வளவு கொடுப்பது என்று இரண்டு இடத்தில் பிளேயரின் கை இருக்கிறது. அந்தக் கையை எடுத்துவிட்டால் எஞ்சுவது லாட்டரி. லாட்டரியில் தோற்றவனுக்கு எரிச்சல் வரும், பயம் வராது. எண் தெரிந்தும், தேவை இருப்பதால் மூன்றாவது பகடையை எடுக்கிறாரே, அங்கேதான் பயம். தெரிந்தே பாழுங்கிணற்றில் இறங்குவது.

ஈயக்குடுவை

ஃபார்பிடன் லேண்ட்ஸ்ங்கிற விளையாட்டையும் (2018) பாருங்க. அதுல ஸ்பெல்லுக்குச் செலவழிக்கிற வில்பவர் புள்ளிதான் பவர் லெவல், அத்தனை டி6 உருட்டணும். 6 விழுந்தா ஒவ்வொண்ணுக்கும் பவர் ஒண்ணு கூடும். 1 விழுந்தா விபத்து அட்டவணை. ஒரு பகடைக்கு 16.7%, ரெண்டுக்கு 30.6%, மூணுக்கு 42.1%. இதுவும் பகடை எண்ணிக்கைதான்.

ஆனா அந்த வில்பவர் புள்ளி எங்கேருந்து வருதுன்னு பாருங்க. சாதாரண சோதனையில தோத்துட்டு மறுபடி தள்ளி உருட்டுறப்போ, அட்ரிபியூட் (அடிப்படைத் திறன்) பகடையில விழுற ஒவ்வொரு 1-க்கும் உடம்பு அடிபடும், அதுக்குப் பதிலா ஒரு புள்ளி கிடைக்கும். அடிபட்டாதான் மந்திரத்துக்கு எரிபொருள். மந்திரம் அபூர்வமா இருக்கணும்னா "ஒரு நாளைக்கு இத்தனை தடவை"ன்னு பூட்டு போடத் தேவையில்ல. எரிபொருள் எங்கே கிடைக்கும்ங்கிறதை முடிவு பண்ணினா போதும்.

கரித்துண்டு

இது புரிகிறது. அடுத்த கேள்வி: வார்ஹாமர் 2-ஆம் பதிப்பின் சாபம் அந்தந்த நேரத்தோடு முடிந்துவிடுகிறது. பால் திரிந்தது, மூக்கில் ரத்தம் வந்தது, முடிந்தது. மந்திரவாதி நாளடைவில் கெட்டுப்போவது, அந்த மெதுவான மாசு, அதில் சரியாக வரவில்லை. 4-ஆம் பதிப்பில் (2018) மாசுப் புள்ளி இருக்கிறதே, அதை இதோடு ஒட்டவைக்கலாமா?

பத்துமுகப்பகடை

ஒட்டவைக்கலாம், ஆனால் அப்படியே கூட்டிவிடாதீர்கள். முதலில் 4-ஆம் பதிப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மாசுக்கு ஒரு வரம்பு: வில்பவர் போனஸும் டஃப்னெஸ் (உடல் உறுதி) போனஸும் சேர்ந்தது. வில்பவர் 42, டஃப்னெஸ் 31 என்றால் 4 + 3 = 7. எட்டாவது புள்ளி வந்தால் என்டியூரன்ஸ் (தாங்குதிறன்) சோதனை. தோற்றால் உடலோ மனமோ திரியும். திரிந்த பின் வில்பவர் போனஸ் அளவுக்குப் புள்ளி குறையும். உடல் திரிபுகள் டஃப்னெஸ் போனஸைத் தாண்டினாலோ, மனத் திரிபுகள் வில்பவர் போனஸைத் தாண்டினாலோ அந்தக் கேரக்டர் பிளேயர் கையை விட்டுப் போய்விடும்.

சாபத்துக்கு மேல் மாசையும் வைத்தால் ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை. 28% ஏற்கெனவே கனமாக இருக்கிறது, அதன் மேல் புள்ளியும் சேர்ந்தால் உங்கள் முதல் பிரச்சினை திரும்பி வரும், யாரும் மந்திரம் போட மாட்டார்கள். அதனால் "இதுவா அதுவா" என்று வையுங்கள். ஜோடி விழுந்ததும், அட்டவணையில் உருட்டும் முன், பிளேயரைக் கேளுங்கள்: வெளியே விடுகிறாயா, விழுங்குகிறாயா? வெளியே விட்டால் அட்டவணை. விழுங்கினால் வெளியே ஒன்றும் நடக்காது, அவருக்கு 1 மாசுப் புள்ளி. மேஜரை விழுங்க 3 புள்ளி. கேட்டஸ்ட்ரோபிக்கை விழுங்க முடியாது.

வேகத்தையும் சோதித்துப் பார்க்கலாம். வரம்பு 7 உள்ளவர், வருவதெல்லாம் மைனர் என்று வைத்து எல்லாவற்றையும் விழுங்கினால், மூன்று பகடைக்காரர் சுமார் 29 மந்திரத்தில் எட்டாவது புள்ளியைத் தொடுவார். இரண்டு பகடைக்காரருக்கு 80 மந்திரம் பிடிக்கும். அமர்வுக்கு ஐந்து மந்திரம் என்றால் ஆறு அமர்வுக்கும் பதினாறு அமர்வுக்கும் உள்ள தூரம். ஒரு நீண்ட கதைக்கு இது சரியான வேகம் என்று நினைக்கிறேன். உங்கள் கதை மூன்று அமர்வில் முடியும் என்றால் வரம்பைப் பாதியாக்குங்கள்.

புள்ளி குறைய வழி வைக்காதீர்கள், திரிபு வந்து குறைவதைத் தவிர. பணம் கொடுத்துக் கோயிலில் கழுவலாம் என்று வைத்தால் மாசு என்பது வெறும் செலவுக் கணக்காகிவிடும்.

நள்ளிரவுநகல்

அந்த "வெளியே விடுகிறாயா, விழுங்குகிறாயா" கேள்வி ஆட்டத்தில் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள்.

வார்ஹாமர் உலகின் ரைக்லாந்து மாகாணத்தில் ஒரு வழிச்சத்திரம். மழை. கூடத்தில் சத்திரக்காரி, வண்டிக்காரர்கள் இருவர், சாலைக் காவலர் ஒருவர். மாடியறையில் குழுவில் ஒருவருக்கு ரத்தம் நிற்கவில்லை. மந்திரவாதி இரண்டு பகடை எடுக்கிறார். 7, 7. கூட்டுத்தொகை 14, மந்திரம் பலித்துவிட்டது, காயம் மூடிக்கொள்கிறது. ஆனால் ஜோடி.

வெளியே விட்டால், பால் திரிவது மாதிரி ஏதோ ஒன்று வரும். அட்டவணையில் அது ஒரு வரிதான். ஆனால் கீழே சமையலறையில் காலைக்காக மூடி வைத்த நாலு பானைப் பாலும் ஒரே நேரத்தில் திரிந்து புளிப்பு வாடை மாடிப்படி வரை ஏறினால், சத்திரக்காரி முதலில் பானையைப் பார்ப்பாள், அடுத்து மேலே பார்ப்பாள். காவலர் அவள் முகத்தைப் பார்ப்பார். ஜிஎம் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

விழுங்கினால் கீழே எல்லாம் அமைதி. மந்திரவாதியின் இடதுகைச் சுண்டுவிரல் நகத்தின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான்.

தலைநகர் ஆல்ட்டார்ஃபில் உள்ள எட்டு மந்திரக் கல்லூரிகளில் ஒன்றின் உரிமம் இருந்தால் மந்திரம் போடுவது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் கிராமத்து மக்களுக்கு உரிமமும் தெரியாது, அதைப் படிக்கவும் தெரியாது. அதனால் யார் பார்த்தார்கள் என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். இடம், சாட்சி, அவர் அடுத்து எங்கே போகிறார். வண்டிக்காரர் பார்த்திருந்தால் செய்தி அடுத்த ஊருக்குக் குழுவுக்கு முன்பே போய்ச் சேரும். மந்திரம் அபூர்வமான உலகில் ஒரே ஒரு சம்பவமும் பல மாதம் பேசப்படும். அட்டவணையைக் கடுமையாக்குவதைவிட இந்தத் தாள் பத்து மடங்கு வேலை செய்யும்.

மெழுகுத்திரி

இதை ஏற்றுக்கொள்கிறேன், நன்றாக இருக்கிறது. ஆனால் திரிபு வரும்போது என்ன செய்வீர்கள்? தற்செயலாக உருட்டி "உனக்கு இப்போது ஆட்டுத்தலை" என்றால் அந்தக் கேரக்டர் எந்த ஊருக்குள்ளும் நுழைய முடியாது. விளையாட்டு அங்கேயே முடிந்துவிடும்.

நள்ளிரவுநகல்

முற்றிய திரிபை முதலிலேயே கொடுப்பதால்தான் அப்படி ஆகிறது. ஒரே திரிபை மூன்று படியாகப் பிரியுங்கள். முதல் படி, துணியால் மறைக்கலாம். இரண்டாவது, மறைக்கப் பணமோ நேரமோ பொய்யோ வேண்டும். மூன்றாவது, மறைக்க முடியாது.

அந்தச் சுண்டுவிரலையே எடுங்கள். முதல் படி: ஐந்து நகமும் கறுத்துவிட்டது, கையுறை போதும், கோடையில் மட்டும் யாராவது கேட்பார்கள். இரண்டாவது: மணிக்கட்டு வரை தோல் சாம்பல் நிறம், கையில் சூடே இல்லை. கை குலுக்க வேண்டிய இடத்தில் ஃபெல்லோஷிப் (பழகும் திறன்) சோதனைக்கு −10. கையுறையைக் கழற்றச் சொன்னால் ஒரு காரணம் தயாராக இருக்க வேண்டும். அதே கையால் கொதிக்கும் பானையைத் தூக்கலாம், சுடாது. மூன்றாவது: விரல்கள் தூக்கத்தில் தானாக அசைகின்றன, எதையோ எழுதுகின்றன.

அந்த இரண்டாவது படியில் ஒரு சின்ன நன்மை இருப்பதைக் கவனியுங்கள். மாசு எப்போதும் கழித்தலாகவே வந்தால் பிளேயர் அதை அபராதமாகப் பார்ப்பார். கொஞ்சம் உபயோகமும் இருந்தால் அதைக் காப்பாற்றிக்கொள்ளத் தொடங்குவார். 4-ஆம் பதிப்பின் இருண்ட பேரம் விதியும் இதே புத்திதான்: ஒரு மாசுப் புள்ளியை வாங்கிக்கொண்டு தோற்ற சோதனையை மறுபடி உருட்டலாம், ஏற்கெனவே ஒரு முறை மறுபடி உருட்டியிருந்தாலும்கூட. அவர் கேட்காமல் நீங்களே நீட்டுங்கள். "கயிறு நழுவுகிறது. ஒரு புள்ளி எடுத்துக்கொள்கிறாயா?" அவர் வேண்டாம் என்றாலும் அடுத்த முறை அது நினைவில் இருக்கும்.

உடல் திரிபு சிலருக்கு விளையாட்டைத் தாண்டி உறுத்தும். எந்த வகைத் திரிபு வேண்டாம் என்று பிளேயரிடம் முதல் நாளே தனியாகக் கேட்டுவிடுங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

ஈயக்குடுவை

சிம்பரோம் (2014) விளையாட்டுலயும் இந்தப் படி இருக்கு. மாசுல ரெண்டு வகை, தற்காலிகம், நிரந்தரம். மந்திரம் போட்டா டி4 தற்காலிக மாசு, காட்சி முடிஞ்சதும் கரைஞ்சிடும். ரெசல்யூட் (மன உறுதி) மதிப்புல பாதிதான் வாசல், அதைத் தாண்டினா நிரந்தரமா ஒட்டும். நிரந்தர மாசு ரெசல்யூட் அளவையே தொட்டுட்டா ஆள் மனுஷனே இல்ல. ரெசல்யூட் 13-ன்னா வாசல் 7. ஒரே காட்சியில ரெண்டு மந்திரம்னா அதிகபட்சம் 8. ரெண்டாவது மந்திரத்துலதான் வயித்துல புளி கரைக்கும்.

உங்க வீட்டு விதியில இதுலேருந்து எடுத்துக்க வேண்டியது அந்தக் "காட்சிக்குள்ள"ங்கிற அளவு. ஒரே காட்சியில ரெண்டாவது தடவை விழுங்கினா 1-க்குப் பதிலா 2 புள்ளின்னு வையுங்க. இல்லன்னா பெரிய சண்டையில வரிசையா விழுங்கிட்டே போவாங்க.

கரித்துண்டு

அந்த 2 புள்ளி விதியை எடுத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: 2-ஆம் பதிப்பின் டார்க் மேஜிக் டேலன்ட் (சிறப்புத் திறமை). ஒரு பகடை கூடுதலாக உருட்டி, இருப்பதில் சிறியதைக் கழித்துவிடலாம், ஆனால் சாபத்துக்குக் கழித்த பகடையும் கணக்கில் வரும் என்கிறது விதி. விழுங்கும் விதியோடு இது சேர்ந்தால் என்ன ஆகும்?

பத்துமுகப்பகடை

மேஜிக் 2 உள்ளவர், கேஸ்டிங் நம்பர் 12. சாதாரணமாக இரண்டு பகடை: 45% பலிக்கும், 10% சாபம். டார்க் மேஜிக்கில் மூன்று உருட்டிப் பெரிய இரண்டை வைத்தால் 71% பலிக்கும், சாபம் 28%. ஒரு வெற்றிக்கு 0.22-லிருந்து 0.39. மேஜிக் 3 உள்ளவர் மூன்று பகடையும் கூட்டிப் போடும் 0.34-ஐவிடவும் மோசம். அதாவது இன்னும் வளராத மந்திரவாதிக்கு மூத்தவரின் பலத்தில் பெரும்பங்கு கிடைக்கிறது, அவரைவிட அதிக விலையில். தார் என்று அந்த உலகில் அழைக்கப்படும் கறுப்பு மந்திரத்தின் குணமே அதுதான், எண் அதைச் சரியாகச் சொல்கிறது. எதையும் மாற்ற வேண்டாம்.

விழுங்கும் விதியில் மட்டும் ஒரு விலக்கு வையுங்கள்: கழித்த பகடையால் விழுந்த ஜோடியை விழுங்க முடியாது, வெளியேதான் வரும். உதாரணமாக 4, 9, 4. நாலைக் கழித்தால் 13, மந்திரம் பலிக்கிறது, ஆனால் கழித்த நாலும் வைத்த நாலும் ஜோடி. அட்டவணையில் உருட்டுங்கள். 9, 9, 2 என்றால் வைத்த இரண்டுமே ஜோடி, அதை விழுங்கலாம்.

ஈயக்குடுவை

9, 4, 4-ல எந்த நாலைக் கழிச்சோம்னு சண்டை வரும். கூடுதல் பகடைக்கு வேற நிறம் வேண்டாம், சின்னது எதுவோ அதுதான் கழியும். ரெண்டும் ஒண்ணுன்னா எதைக் கழிச்சாலும் ஜோடியில ஒண்ணு கழிஞ்சதுதான், அதனால வெளியே வரும். இப்படியே எழுதி மேஜையில வச்சிடுங்க. 5, 5, 5 விழுந்தாலும் அதே கணக்கு, அது நேரா மேஜர் அட்டவணை.